சாம்பிராணி போடலாமா என்று அவர் கேட்டபோது

"பெட்ரோல் வாசனை வருதுன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா டிப்ளமா? மூக்கு இருந்தா போதாதா?"

ஆரணியில் நான் நான்கு வருடம் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, ஒரு வாடிக்கையாளரின் எதிரிலேயே என்னைக் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுச் சிரித்தார். வாடிக்கையாளரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று நானும் சிரித்துவிட்டுப் போயிருந்தால், ஒருவேளை கொஞ்சம் நிதானமாக யோசித்திருப்பேன்.

இந்த வருடம் பாலிடெக்னிக் முடித்து ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகிற உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். நட்டு போல்ட்டு விஷயமெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது கற்றுத் தருவார்கள். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அதில் நான் ஜெயித்த கதை எதுவும் இல்லை.

என் அப்பா பட்டுத்தறியில் கூலிக்கு நெய்கிறவர். அம்மா தறிக்கு நூல்கண்டு, தார் சுற்றுகிறவர். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது ஓட்டுப் போடுவதற்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் முதலில் பத்தாவது தாண்டியவள் நான். ஆட்டோமொபைல் படிப்பில் என் வகுப்பில் இருந்த ஒரே பெண்ணும் நான்தான். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. படித்ததைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தால், வண்டி சொல்வது காதில் விழாது.

வண்டிக்காரரின் பெயர் தனபால். நெசவாளர்களிடமிருந்து பட்டுப்புடவை எடுத்து, சென்னையில் உள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வண்டி பழைய பெட்ரோல் கார், இவர் கைக்கு வரும்போதே மூன்றாவது கை. அவருடைய புகார் வண்டியைப் பற்றியதே இல்லை, புடவையைப் பற்றியது.

"புடவைல நாத்தம் வருதும்மா. மெட்ராஸ் கடைக்காரர் மூட்டைய அவுத்தாரு, மூஞ்ச சுளிச்சிகினு, 'இன்னாய்யா, பெட்ரோல் பங்க்ல தறி போட்டு நெஞ்சியா?'ன்றாரு. பத்து பேருக்கு எதிர்ல. எனக்கு மானமே போச்சி."

பட்டு எந்த வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பின் சீட்டில் புடவை மூட்டையை வைத்து இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும்.

"எங்கேந்து வருதுண்ணா, முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டேன்.

"பின்னால. அதுவும் மெட்ராஸ் போற அன்னிக்கிதான். ஊருக்குள்ள ஓட்டிகினு இருக்கும்போது ஒன்னும் தெரியறதில்ல."

"கண்ணாடிய ஏத்திகினு, ஏசி போட்டுகினு ரொம்ப தூரம் போறீங்க இல்ல, அதான் தெரியுது."

இவ்வளவுதான் நான் கேட்டது. அவர் எனக்கு விடையையே கையில் கொடுத்தார். நான் அதற்கு ஒரு காரணம் சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'எங்கே' என்று கேட்கத் தெரிந்த எனக்கு 'எப்போது' என்பது ஒரு கேள்வியாகவே படவில்லை. அந்த நேரத்தில்தான் முதலாளி பக்கத்தில் வந்து நின்று, மூக்கு போதாதா என்று கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இவர்கள் இரண்டு பேருக்கும் காட்டுகிறேன் என்று வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். டேங்கிலிருந்து இன்ஜின் வரை ஒவ்வொரு குழாயையும், ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு பின் சீட்டைத் தூக்கினேன். சீட்டுக்கு அடியில் ஒரு தகடு இருக்கும். அதைக் கழற்றினால் டேங்கின் தலையும், அதற்குள் இருக்கிற பெட்ரோல் பம்பின் பிளாஸ்டிக் மூடியும் தெரியும். அதையும் துடைத்துப் பார்த்தேன். துணி சுத்தமாக இருந்தது. எங்குமே ஈரம் இல்லை.

பெட்ரோல் முள் கால் டேங்குக்கும் கீழே நின்றது. அதையும் பார்த்தேன். பார்க்காமல் விட்டிருந்தால்கூட இன்று என்னை மன்னித்துக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும்.

எங்கள் ஊரில் யாரும் டேங்க் நிரப்ப மாட்டார்கள். பங்குக்குப் போனால் முந்நூறுக்குப் போடு, ஐநூறுக்குப் போடு என்றுதான் சொல்வார்கள். நெசவு வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தனபால் டேங்க் நிரப்புவது சென்னை போவதற்கு முதல் நாள் மட்டும்தான். டேங்க் நிரம்பினால் பெட்ரோல் அந்த மூடியைத் தொடும். ஊருக்குள் ஓட்டும்போது தொடாது. மூடியில் பழுது இருந்தால், தொடும்போதுதான் கசியும். வாசனை ஏன் சென்னை போகிற நாளில் மட்டும் வருகிறது என்பதற்கு இதைவிட எளிமையான காரணம் இருக்க முடியாது. டேங்கை நிரப்பிவிட்டுப் பார்ப்போம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

நான் அதைச் சொல்லவில்லை. ஜாப் கார்டை எடுத்து, "எரிபொருள் கசிவு இல்லை" என்று எழுதினேன். முதலாளி இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அதனால் இன்னொரு வரியும் எழுதினேன்: "வாகனம் பாதுகாப்பாக உள்ளது." கீழே முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

நான் எழுதியிருக்க வேண்டியது, 'இன்று, இவ்வளவு பெட்ரோலில், கசிவைக் காண முடியவில்லை' என்று. அப்படி எழுதினால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களே என்று பயந்தேன். நீங்களும் பயப்படுவீர்கள். பயந்துகொண்டே எழுதுங்கள்.

தனபால் கார்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது கேட்டார்:

"அப்ப அந்த நாத்தம் போறதுக்கு இன்னாம்மா பண்றது? குடோன்ல வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாம்பிராணி போடறோம். புடவை கமகமன்னு இருக்கும். வண்டிக்குள்ளயும் போடலாமா?"

பட்டு வைத்திருக்கிற வீடுகளில் அது வழக்கம். தூபக்காலில் தணலை எடுத்து, சாம்பிராணியைத் தூவி, சரக்கு வைத்திருக்கிற அறை முழுக்கப் புகை காட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் தறிக்குக் காட்டுவோம். எனக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. கசிவுதான் இல்லையே. நானே எழுதிக் கொடுத்துவிட்டேனே.

"போடுங்கண்ணா, ஒன்னும் ஆவாது," என்றேன்.

முதலாளி அதற்குள் உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலைக் கேட்டது தனபால் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு இரண்டாவது வெள்ளிக்கிழமை. மறுநாள் சென்னைப் பயணம் என்று தனபால் அன்று விடியற்காலையிலேயே டேங்கை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். காலையில் வெயில் ஏறிய பிறகு அவருடைய மனைவி மல்லிகா அக்கா குடோனுக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, அதே தூபக்காலை வலது கையில் பிடித்தபடி வண்டியின் பின்கதவைத் திறந்தார்.

குப்பென்று பிடித்துக்கொண்டதாம். எதிர் வீட்டில் நெய்துகொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, ஈரச் சாக்கைப் போட்டும் மணலைக் கொட்டியும் அணைத்திருக்கிறார்கள். சீட்டும் மேல் துணியும் கருகியதோடு வண்டி தப்பித்தது. அக்காவுக்கு வலது கை, கழுத்து, கன்னத்தில் ஒரு பக்கம். வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தார்.

மல்லிகா அக்காவின் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நெய்து வருகிற புடவையை மடியில் போட்டு, விரலால் தடவியே எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். அந்தத் தெருவில் அந்த வேலைக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது அந்த விரல்களுக்குப் பட்டும் சாக்கும் ஒன்றுதான்.

ஊர் என்ன பேசியது தெரியுமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என் காதாலேயே கேட்டேன். "பெட்ரோல் வண்டிக்குள்ள நெருப்ப எடுத்துகினு பூந்துச்சாமே அந்தம்மா! வண்டிக்கு திஷ்டி கழிக்கப் போயி தனக்கே கழிச்சிகிச்சி." சொன்னவர் சிரிக்க, கேட்டவர்களும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான்கு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பயப்படாதம்மா. உன் கார்டு காப்பி நம்மகிட்ட பத்திரமா கீது. கசிவு இல்லன்னு எவ்ளோ தெளிவா எழுதியிருக்க! அந்தம்மா தணல வச்சிச்சி, பத்திகிச்சி. நம்ம மேல ஒன்னும் வராது."

என் எழுத்தை அவர் பாராட்டியதும் அதுதான் முதல் தடவை.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, சீட் மாற்றுவதற்காக வண்டியை எங்களிடமே இழுத்து வந்தார்கள். யாரும் சொல்லாமலே நான் பின் சீட்டைத் தூக்கினேன். டேங்க் அப்போதும் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. தகட்டைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துச் சற்றுச் சாய்க்கச் சொன்னேன். பம்ப் மூடியின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். துடைத்தேன், காய்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மெதுவாக ஈரம் ஊறி, விளிம்பில் ஒரு துளியாக நின்றது.

பிறகு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். குறை இருப்பதாகக் கம்பெனி திரும்ப அழைத்த வண்டிகளின் பட்டியலில் அது இருந்தது. பம்ப் மூடியில் விரிசல் விடலாம், இலவசமாக மாற்றித் தரப்படும், இந்த வண்டிக்கு இன்னும் மாற்றப்படவில்லை என்று வந்தது. கம்பெனிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கடிதமும் போட்டிருக்கிறார்கள். யாருக்கு? ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற முதல் சொந்தக்காரருக்கு. எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெயர் மாற்றுவதே இல்லை. கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். தனபாலும் அப்படித்தான். சென்னையில் யாரோ ஒருவர், எப்போதோ விற்றுவிட்ட வண்டிக்கு வந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்.

அந்தக் கம்பெனியும், அந்தப் பழைய சொந்தக்காரரும், தனபாலும் ஆளுக்கொரு தவறு செய்தார்கள்தான். ஆனால் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தவள் நான் ஒருத்தி மட்டுமே.

முதலாளியிடம் போனைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத்தினி வருஷத்து வண்டிக்கு எவன்மா இதெல்லாம் பாத்துகினு இருக்கான்? பசையக் கலந்து மேல அப்பிடு. ஜல்தியா சீட்ட மாத்தி அனுப்பிடலாம். தனபால் வித்துடுவாரு, களம்பூர் மில்லுல ஒருத்தரு கேட்டுகினு இருக்காரு."

"பசை நிக்காதுணா. பெட்ரோல் பட்டா எளகிடும். அவரும் டேங்க் ரொப்பினா அவருக்கும் பத்திக்கும்."

"அவரு சாம்பிராணி போட மாட்டாரு இல்ல?"

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் விரிசலைப் படம் எடுத்தேன். "படம் புடிக்கவா சம்பளம் குடுக்கறேன்? பேஜார் பண்ற பாரு. நாளைலேந்து வராத," என்றார். நான் அன்று மதியமே வந்துவிட்டேன். வீராப்பாக வந்ததாக நினைக்காதீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் பாதி ஓடிக்கொண்டிருந்தது.

நேராகத் தனபால் வீட்டுக்குப் போய், படத்தைக் காட்டி, வண்டியை அங்கிருந்து எடுத்துவிடச் சொன்னேன். யாருக்கும் விற்க வேண்டாம், யாரையும் தொடவும் விட வேண்டாம் என்றேன். அவர் மறுநாளே டேங்கைக் காலி செய்யச் சொல்லி, இழுத்து வந்து வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். அன்று நான் படத்தைக் காட்டி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ போடுங்கன்னு சொன்ன இல்ல, அத நான் யாருகிட்டயும் சொல்லலம்மா. சொல்லவும் மாட்டேன். எனக்கும் உன் வயசுல பொண்ணு கீது. நாளிக்கு உனக்கு வேற எடத்துல வேலை கெடைக்க வாணாவா? அதுவுமில்லாம, உன்கிட்ட கேட்டுகினு வந்து அவள போடச் சொன்னவன் நான்தான. அத எந்த மூஞ்சிய வச்சிகினு சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். அந்த நல்ல மனதுக்கான விலையை உள்ளே படுத்திருந்தவர் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது, கட்டிலருகே போய் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

மல்லிகா அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க, படிக்காதவ, தணல எடுத்துகினு பூட்டான்னு. எங்கூட பொறந்தவனே சொல்றான். நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. நான் செஞ்சது அவ்ளோ முட்டாள்தனமா?"

"அப்டியெல்லாம் இல்லக்கா," என்றேன். அவருடைய மகள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, உங்கள் வீட்டுக்காரர் கேட்டார், நான் சரி என்றேன். இது ஒரு வரி. அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. வேறு வேலை கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் நேர்முகத் தேர்வுக்கும் போய்வந்தேன். பிறகு, சேர்ந்து நிலைத்த பின் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இதற்குள் கம்பெனியின் மேலும் ஒர்க்‌ஷாப்பின் மேலும் தனபால் நுகர்வோர் வழக்குப் போட்டிருந்தார். கம்பெனியிலிருந்து இப்படிப் பதில் வந்தது: கடிதம் உரிய முகவரிக்கு அனுப்பப்பட்டுவிட்டது. தவிர, தீ விபத்துக்குக் காரணம் பாகத்தின் குறை அல்ல, எரியும் தணலை வாகனத்துக்குள் கொண்டுசென்ற பெண்ணின் கவனக்குறைவு. ஒர்க்‌ஷாப்பின் பதிலில் என் கார்டின் நகல் இருந்தது. கீழே என் கையெழுத்து. அதன் அடியில் அதே வாக்கியம்: பெண்ணின் கவனக்குறைவு.

தனபாலின் வக்கீல், ஒரு பெண்மணி, என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "இந்த ஒரு பாயிண்ட்லதான் கேஸ் நிக்குது. அந்தம்மா தானா செஞ்சாங்களா, ஒர்க்‌ஷாப்ல யாராவது செய்யலாம்னு சொன்னாங்களா? தனபால் வாயே தெறக்க மாட்டேன்றார். உனக்கு எதாவது தெரியுமா?"

அன்று மாலை வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். வாசனை எந்த நாளில் வந்தது என்று அவர் சொன்னதை, முள் எங்கே நின்றது என்பதை, பாதுகாப்பாக உள்ளது என்ற வரியை நான் எதற்காக எழுதினேன் என்பதை, சாம்பிராணியைப் பற்றி அவர் கேட்டதை, நான் சொன்ன பதிலை, எல்லாவற்றையும் மூன்று பக்கத்தில் எழுதினேன். வக்கீல் படித்துவிட்டு, "இதுல மொதல்ல மாட்டறது நீதாம்மா. உன்னையும் சேப்பாங்க. யோசிச்சிக்க," என்றார்.

கொடுப்பதற்கு முன் மல்லிகா அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பார் என்ற ஆசையும் இருந்தது, மறைப்பானேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சாம்பிராணி வருகிற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். தனபால் எழுந்து வெளியே போனார்.

"இத்தினி நாளு இன்னா பண்ணிகினு இருந்த?" என்றார் அக்கா.

நான் தாள்களை மடித்து மடியில் வைத்தேன்.

"அன்னிக்கி வந்து காபி குடிச்சிட்டு போன இல்ல? அப்பவும் உனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"அத எழுதியிருக்கியா?"

"இல்லக்கா."

"எழுது."

அவர் மகளிடம் பேனா கேட்டு வாங்கினேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து, நான்காவது பக்கத்தில் எழுதினேன். அவர் என்னிடம் நேருக்கு நேராகக் கேட்டார் என்றும், நான் உண்மையைச் சொல்லாமல் எழுந்து வந்தேன் என்றும், ஆறு மாதம் ஊர் அவரை முட்டாள் என்று பேசியதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன் என்றும். முடித்ததும் படித்துக் காட்டினேன். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு, வக்கீலின் அலுவலகத்துக்குப் போனேன். நான்கு பக்கத்திலும் வக்கீலின் எதிரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு நகலை உறையில் வைத்து, ராணிப்பேட்டை சர்வீஸ் சென்டருக்கு, என்னை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாதவர்களின் முகவரிக்கு, அங்கேயே தபாலில் சேர்த்துவிட்டேன்.